எதிர்க்கட்சியின் கோட்டையில் ஆளுநர் தேர்தல்: கணிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் கென்டக்கி மாகாணத்தில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஏறக்குறைய 26 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். மூன்று ஆண்டு கழித்து அதே கென்டக்கி, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியரை இரண்டாவது முறையாக ஆளுநர் ஆக்கியது. வெர்மான்ட்டில் நேர் தலைகீழ். 2024 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த மக்கள், அன்றைக்கே குடியரசுக் கட்சியின் பில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். அதிபர் தேர்தலின் சிவப்பு-நீல வரைபடத்தை (சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி) வைத்துக்கொண்டு, "இங்கே அந்தக் கட்சிக்கு வாய்ப்பே கிடையாது" என்று ஆளுநர் தேர்தலுக்கும் தீர்ப்பு எழுதுபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அமெரிக்க ஆளுநர் செய்வது கிட்டத்தட்ட நம் ஊர் முதல்வரின் வேலை. பள்ளிகளுக்கு நிதி, சாலை, ஆசிரியர் ஓய்வூதியம், வெள்ளம் வந்தால் நிவாரணம். இதிலெல்லாம் ஆளைப் பார்த்து ஓட்டுப் போட இடமிருக்கிறது.

சரி, அப்படியென்றால் நல்ல வேட்பாளரை நிறுத்தினால் போதுமா? அதுவும் தவறான கணக்கு. பெரும்பாலும் ஆளும் தரப்பே கதவைத் திறந்துவிட வேண்டும். கான்சஸைப் பாருங்கள். குடியரசுக் கட்சி ஆளுநர் சாம் பிரவுன்பேக் 2012-இல் வருமான வரியைப் பெரிய அளவில் குறைத்தார். வளர்ச்சி பொங்கும் என்றார். பொங்கவில்லை, கஜானாதான் வற்றியது. கடைசியில் 2017-இல் அவருடைய கட்சியே பெரும்பான்மை வைத்திருந்த சட்டமன்றம், அவருடைய வீட்டோவையும் (மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம்) மீறி வரியைத் திரும்ப ஏற்றியது.

அடுத்த ஆண்டு, ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். பிரவுன்பேக்குக்குப் பின் ஆளுநர் பதவியில் இருந்த ஜெஃப் காலியருக்கும் தீவிர வலதுசாரியான கிரிஸ் கோபாக்குக்கும் போட்டி. 3 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாகி, வெறும் 343 வாக்கில் கோபாக் ஜெயித்தார். மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதே கட்சியின் முன்னாள் ஆளுநர் பில் கிரேவ்ஸே ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லிக்கு ஆதரவு தெரிவித்தார். கெல்லி சுமார் 5 புள்ளியில் ஜெயித்தார். அந்த 343 வாக்கு மறுபக்கம் விழுந்திருந்தால், கெல்லி எவ்வளவு நல்ல வேட்பாளராக இருந்தும் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வேட்பாளர் மேல் பழியைப் போடுவது இன்னொரு வழக்கம். 2022-இல் கெல்லி மறுபடி நின்றபோது டென்னிஸ் பைல் என்ற பழமைவாதி சுயேச்சையாக நின்று 2 சதவீதம் பிரித்தார். அவரால்தான் குடியரசுக் கட்சி வேட்பாளர் டெரெக் ஷ்மிட் தோற்றார் என்று பேச்சு. ஆனால் வித்தியாசம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பைல் வாங்கிய அத்தனை வாக்கும் ஷ்மிட்டுக்கே போயிருந்தாலும் கெல்லிதான் ஜெயித்திருப்பார். பழி சொல்வதற்கு முன் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கலாம்.

எந்த ஆண்டில் தேர்தல் நடக்கிறது என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜனநாயகக் கட்சியின் கோட்டைகளான மேரிலாந்தில் லாரி ஹோகனும் மாசசூசெட்ஸில் சார்லி பேக்கரும் குடியரசுக் கட்சி சார்பில் முதலில் ஜெயித்தது 2014-இல், ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஆட்சியின் நடுவில். கெல்லி முதலில் ஜெயித்தது 2018-இல், டிரம்ப் ஆட்சியின் நடுவில். வெள்ளை மாளிகை மேல் இருக்கும் சலிப்பு, மாகாணத்தில் வலுவில்லாத கட்சிக்குக் கைகொடுக்கிறது.

அப்புறம், செல்வாக்கு ஆளுக்கா கட்சிக்கா என்ற குழப்பம். ஹோகன், பேக்கர் இருவரும் இரண்டு முறை ஜெயித்தவர்கள். 2022-இல் இருவருமே களத்தில் இல்லை. அவர்களுடைய கட்சி டிரம்ப் ஆதரவு பெற்ற டேன் காக்ஸையும் ஜெஃப் டீலையும் நிறுத்தி, இரண்டு மாகாணங்களிலும் படுதோல்வி அடைந்தது. ஆளுக்குள்ள செல்வாக்குக்கும் எல்லை உண்டு. ஹோகனே 2024-இல் செனட்டுக்கு நின்று தோற்றார். குடியரசுக் கட்சி வலுவான மாகாணங்களில் ஆளுநராக ஜெயித்த ஜனநாயகக் கட்சிக்காரர்களான மொன்டானாவின் ஸ்டீவ் புல்லக்குக்கு 2020-இலும் டென்னசியின் பில் பிரெடசனுக்கு 2018-இலும் இதே கதிதான். செனட் என்று வந்தால் வாஷிங்டனில் பெரும்பான்மை யாருக்கு என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அங்கே மக்கள் கட்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கருத்துக் கணிப்பைப் பார்த்துத் துள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கலிபோர்னியா ஆளுநர் நியூசமை நீக்கலாமா என்ற வாக்கெடுப்பில் அவர் பதவி பறிபோகும் என்று ஒரு கணிப்பு வந்து பரபரப்பானது. செப்டம்பரில் சுமார் 62 சதவீதம் பேர் அவரே இருக்கட்டும் என்றார்கள்.

ஜெயித்துவிட்டால் மாகாணமே கட்சி மாறிவிட்டது என்று கொண்டாடுவதும் அவசரம். 2019-இல் பெஷியர் முதன்முறை ஜெயித்தது ஏறக்குறைய 5,000 வாக்கில். குடியரசுக் கட்சியின் அப்போதைய ஆளுநர் மேட் பெவின் ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டது அதற்கு முக்கியக் காரணம். அதே நாளில் மாகாணம் முழுக்கத் தேர்தல் நடந்த மற்ற ஐந்து பதவிகளையும் குடியரசுக் கட்சி வாரிக்கொண்டது. சட்டமன்றமும் அவர்கள் கையில். கென்டக்கியில் ஆளுநரின் வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கெல்லாம் வேண்டாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். பெஷியர் நிராகரித்த மசோதாக்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சட்டமாகின.