தோரோங் லா கணவாய்: கால்கள் தயார், நாட்கள் எங்கே?

நேப்பாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி வரும் நடைப்பாதையின் உச்சி தோரோங் லா. உயரம் 5,416 மீட்டர். அதைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்கும் தலம் அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மலையேற்றமும் தரிசனமும் ஒரே பயணத்தில் கிடைப்பதால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்களுக்கு இந்தக் கணவாய் மீது தனி ஆசை. தீபாவளி விடுமுறையை ஒட்டிக் குழுவாகக் கிளம்புகிறார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் என்பதால் காலமும் பொருந்துகிறது.

அவர்கள் எடுத்துக்கொள்ளும் பயிற்சியில் நான் குறை காண மாட்டேன். வாரம் தவறாமல் புக்கிட் காசிங், புக்கிட் கியாரா குன்றுகள், மாதம் ஒருமுறை குனோங் நுவாங் மலை என்று மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆனால் கணவாயை எட்டாமல் பாதியில் திரும்பியவர்களில், கால் ஓய்ந்து திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைவலியும் வாந்தியும்தான் அவர்களைத் திருப்பி அனுப்பின. அவர்களில் பலர் குழுவிலேயே வலுவானவர்கள். வலுவானவர்கள் வேகமாக ஏறுகிறார்கள். வேகம்தான் அங்கே ஆபத்து.

கினபாலு ஏறியவர்களுக்கு

"கினபாலு ஏறிவிட்டேன், எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளும்" என்ற பேச்சு இங்கே அடிக்கடி கேட்கும். சபாவில் இருக்கும் கினபாலு 4,095 மீட்டர், எளிய மலையும் அல்ல. ஆனால் அங்கே பெரும்பாலானவர்கள் ஏறத்தாழ 3,270 மீட்டரில் அரை இரவு படுத்துவிட்டு, விடியலில் உச்சியைத் தொட்டு, அன்று மாலையே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் உயர நோய் பொதுவாகத் தலைகாட்டுவது ஓர் உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான். நோய் எட்டிப் பார்ப்பதற்குள் பலர் கீழே இறங்கி நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தோரோங் லா பாதையில் அப்படி இறங்கிவிட முடியாது. 3,000 மீட்டருக்கு மேலேயே பல இரவுகள் தொடர்ந்து உறங்க வேண்டும். கினபாலுவில் ஒன்றும் ஆகவில்லை என்பதை இதற்கான தேர்ச்சியாக எண்ணிவிடக் கூடாது.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் கடற்கரையிலும் கணவாயிலும் ஒன்றுதான், 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். 5,400 மீட்டரில் அது கடல்மட்ட அளவில் ஏறத்தாழப் பாதி. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பதும் பாதிதான். இதற்கு ஈடுகொடுக்க உடல் மூச்சின் ஆழத்தைக் கூட்டுகிறது, சிறுநீரகங்கள் இரத்தத்தின் சமநிலையைத் திருத்துகின்றன, சிவப்பணுக்கள் மெல்லப் பெருகுகின்றன. இந்த வேலைகள் நடக்க நாட்கள் வேண்டும். எத்தனை படி ஏறிப் பழகியிருந்தாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியாது. இருபது வயதில் மாரத்தான் ஓடுகிறவரும் இதற்கு விலக்கல்ல.

ஜீப்பில் மிச்சப்படுத்தும் நாட்கள்

இன்று நான் அதிகம் அஞ்சும் தவறு இதுதான். முன்பு 760 மீட்டரில் இருக்கும் பெசிசஹாரிலிருந்து மனாங் வரை நடந்தே போக வேண்டியிருந்தது. வழியில் சாமே 2,670 மீட்டர், பிசாங் 3,300 மீட்டர் என்று உடல் படிப்படியாகப் பழகிக்கொண்டு வந்தது. இப்போது 3,540 மீட்டரில் இருக்கும் மனாங் வரைக்கும் ஜீப் சாலை போட்டுவிட்டார்கள். பத்து நாள் விடுப்பு மட்டுமே வாங்கிவந்த குழு என்ன செய்யும்? "ரோட்டில் புழுதி தின்று நடப்பானேன்" என்று ஒரே நாளில் ஜீப்பில் மனாங்குக்குப் போய் இறங்கிவிடுகிறது. நேற்று காலை கோலாலம்பூரில் இருந்தவர், நாளை இரவு மூன்றரை ஆயிரம் மீட்டரில் படுத்திருப்பார்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. ஜீப்பில்தான் போவேன் என்றால் சாமேயோடு இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நடந்து, பிசாங்கில் ஓர் இரவு, மனாங்கில் குறைந்தது இரண்டு இரவு, யாக் கர்காவில் (4,050 மீட்டர்) ஓர் இரவு, தோரோங் பேடியில் (ஏறத்தாழ 4,450 மீட்டர்) ஓர் இரவு, பிறகு கணவாய். மனாங்கில் தங்கும் ஓய்வு நாளைப் படுக்கையில் கழிக்காதீர்கள். 4,600 மீட்டரில் இருக்கும் கிச்சோ தால் ஏரிப் பக்கம் முடிந்தவரை ஏறிவிட்டு, இரவுக்கு மனாங் திரும்புங்கள். உயர ஏறித் தாழ உறங்குவது உடலைப் பழக்கும் நல்ல வழி. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மலையேற்றப் பருவத்தில் அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றிப் பேசுகிறார்கள். குழு முழுவதும் போய் உட்கார வேண்டிய வகுப்பு அது.

பேடிக்கு மேலே 4,900 மீட்டரை ஒட்டி ஹை கேம்ப் விடுதி உண்டு. அங்கே படுத்தால் கணவாய் நாளில் ஏற்றம் குறையுமே என்று யாக் கர்காவிலிருந்து நேராக அங்கே போகிறவர்கள் ஒரே நாளில் உறங்கும் உயரத்தை எண்ணூறு மீட்டருக்கு மேல் கூட்டிவிடுகிறார்கள். அந்த இரவில் தூக்கமே வராது. விடியலில் தலை வெடிக்கும்.

முக்திநாத் தரிசனத்தை முதலில் முடித்துவிட்டு, அங்கிருந்து கணவாய் ஏறி மனாங் பக்கம் இறங்கலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜொம்சோம் ஊருக்கு விமானம் உண்டு, அங்கிருந்து ஜீப் உண்டு. சாமி கும்பிட்டுவிட்டு மலையேறுவது மனத்துக்கும் நிறைவு. ஆனால் முக்திநாத் இருப்பது 3,800 மீட்டரில். அந்தப் பக்கம் இடையில் தங்கிப் பழக நல்ல ஊர்கள் இல்லை. ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறியாக வேண்டும். முதல்முறை போகிறவர்கள் மனாங் பக்கமிருந்தே ஏறுங்கள். தரிசனம் கடைசியில் கிடைக்கட்டும்.

தலைவலியை மறைப்பது

பேடியில் இரவுச் சாப்பாட்டு மேசையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எல்லாரும் தால் பாத் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருப்பார். சூப் ஆறிப் போயிருக்கும். "என்ன அண்ணே, சாப்பிடவில்லையா?" என்றால் "பசி இல்லை தம்பி, வழியில் பிஸ்கட் தின்றேன்" என்பார். கைக்குள் பனடோல் தலைவலி மாத்திரை அட்டை இருக்கும். ஏன் சொல்வதில்லை? தன்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். குடும்பத்துக்காகவும் கூட்டத்துக்காகவும் வலியைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஊறியது. ஆனால் அங்கே அது உயிரைக் கேட்கும்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அளவுமீறிய களைப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடையாளம் இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்க வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். குடித்தவர்போல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் போவது ஆகியவை மூளையில் வீக்கம் தொடங்கியதன் அடையாளம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரை ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். இவற்றைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டானாலும் டார்ச் பிடித்துக்கொண்டு, துணையோடு உடனே இறக்க வேண்டும். எந்த மருந்தும் இறங்குவதற்கு ஈடாகாது.

ஆகவே கிளம்பும் முன்பே குழுவில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, தூங்கினாயா? வயதில் மூத்தவர் முதலில் உண்மையைச் சொன்னால் இளையவர்களும் சொல்வார்கள். திரும்புகிறவரோடு யார் இறங்குவது என்பதையும் கோலாலம்பூரிலேயே பேசி முடித்துவிடுங்கள். உடம்பு சரியில்லாத ஒருவரைத் தனியாக இறக்கி அனுப்பும் குழுவை என்னால் குழு என்று சொல்ல முடியாது.

அசெட்டசோலமைட் மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும் மருந்து. அதை விழுங்கிவிட்டு நாட்களைக் குறைக்கலாம் என்று எண்ணுவது தவறு. விரல் நுனிகள் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அவசியம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டவே வேண்டாம். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: இன்சுலின் உறைந்தால் பயன்படாது, அதை உடம்போடு ஒட்டி, சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

வங்கக் கடலைப் பார்க்காமல் ஏறுவது

2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டு நாள் கழித்து அதன் மிச்சம் இமயமலையில் மோதிப் பெரும் பனிப்பொழிவாகக் கொட்டியது. தோரோங் லா வட்டாரத்திலும் தவளகிரிப் பக்கமும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். மலையேறிகள், வழிகாட்டிகள், உள்ளூர்க்காரர்கள் என எல்லாரும் அதில் அடக்கம். கணவாயைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் கண்மண் தெரியாத பனியில் வழிதவறினார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனாங்கை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கடலில் புயல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலே வானம் நீலமாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. புயல் செய்தி இருந்தால் மனாங்கிலேயே தங்குங்கள். அப்படித் தங்குவதற்கு இரண்டு நாள் கையில் வைத்திருக்க வேண்டும். விடுப்பில் அந்த இரண்டு நாள் இல்லாதவர்கள்தான் மேகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள்.

குளிரும் இறக்கமும்

வெயில் ஊர்க்காரர்களான நமக்குக் குளிர் எப்படி இருக்கும் என்ற கற்பனையே இல்லை. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் காற்றில் ஐஸ் ஆகும். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இவ்வளவு போதும். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். கணவாயின் உச்சியில் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கை விரித்துப் படம் எடுக்கும் ஆர்வத்தில் வெறுங்கையோடு நிற்கிறவர்களுக்கு நிமிடங்களில் விரல் மரத்துவிடும். தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும் என்பதால் பாட்டிலும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள்.

பேடியிலிருந்து விடியுமுன்பே கிளம்புவதற்குக் காரணம் காற்று. முற்பகல் ஏற ஏறக் கணவாயில் அது பலமாக வீசத் தொடங்கும். இதற்குப் பின்னால்தான் பலர் எண்ணிப் பார்க்காத பகுதி வருகிறது: முக்திநாத்துக்கு 1,600 மீட்டர் இறக்கம். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறிவிட்டு இரயிலில் இறங்குகிறவர்கள் இறங்கும் தசைகளைப் பழக்குவதே இல்லை. ஏறிய பாதையிலேயே நடந்து இறங்குங்கள். பத்துமலையின் 272 படிகளிலும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளிலும் முதுகுப் பையோடு இறங்கிப் பழகுங்கள். ஊன்றுகோல் இரண்டும் முழங்காலைக் காக்கும். கால் நகங்களை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் காலணி இடித்து நகம் கறுத்துவிடும்.

சுமை தூக்குகிறவர்

நம் அடுக்குமாடி வாசலில் காவல் நிற்கும் நேப்பாளிகளில் பலர் சமவெளிக்காரர்கள். சுமைதூக்கிகளிலும் தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவர்கள் உண்டு. நேப்பாளி என்பதால் உயரம் அவரை ஒன்றும் செய்யாது என்று எண்ணுவது பெரும் தவறு. அவருக்கும் அதே தலைவலி வரும், வேலை போய்விடும் என்று அவரும் மறைப்பார். அவரிடமும் காலை மாலை அதே கேள்விகளைக் கேளுங்கள். அவருக்குக் கையுறையும் ஜாக்கெட்டும் காப்புறுதியும் உண்டா என்று கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பயணச் செலவு நூறு இருநூறு ரிங்கிட் கூடினால் கூடட்டும்.

உங்கள் காப்புறுதியையும் வரி வரியாகப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்ற நிபந்தனை பல பயணக் காப்புறுதிகளில் சிறிய எழுத்தில் இருக்கும். ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அதில் அடங்குமா என்று பாருங்கள். அவசர எண்ணை வழிகாட்டியிடமும் கொடுத்து வையுங்கள்.

முக்திநாத் வந்து சேர்ந்ததும் கோயிலின் 108 நீர்த்தாரைகளின் கீழ் ஓட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கணவாயிலிருந்து இறங்கிய உடம்பு சோர்ந்து, குளிர்ந்து, நீர் வற்றிப் போயிருக்கும்; அந்த நீரோ உறையும் குளிர்ச்சி. அன்றிரவு சூடாகச் சாப்பிட்டு உறங்குங்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகு நீராடி, உடனே உலர்ந்த துணிக்கு மாறிக்கொண்டு சன்னிதிக்குப் போங்கள். ஜொம்சோமிலிருந்து போக்ராவுக்கு விமானங்கள் காலையில்தான் பறக்கும், பிற்பகல் காற்று அவ்வளவு கடுமை. காலையில் மேகம் மூடினால் அன்றைக்கு விமானமே இல்லை. அதனால் கோலாலம்பூர் திரும்பும் டிக்கெட்டை, கணக்குப்படி காட்மாண்டு சேரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளியே எடுங்கள்.