யார் வனைந்தது, எப்போது வனைந்தது? பெயரில்லாத ஸ்டூடியோ பாண்டங்களில் செய்யக்கூடாத தவறுகள்

பழைய பொருள் கடையில் கையால் வனைந்த ஒரு கிண்ணம் கண்ணில் பட்டால், எடுத்ததும் கவிழ்த்துப் பார்ப்போம். அடியில் இரண்டு எழுத்து தெரிந்தால் உடனே கைப்பேசியில் தேடல். அரைமணி நேரத்தில் ஒரு பெரிய பெயர் கிடைத்துவிடும். அது பெரும்பாலும் தவறான பெயராகத்தான் இருக்கும்.

ஸ்டூடியோ பாட்டரி என்பது தொழிற்சாலைச் சரக்கு இல்லை. ஊர்க் குயவரின் சட்டிபானையும் இல்லை. ஒரு கலைஞரோ சிறு பட்டறையோ மண் பிசைவதில் தொடங்கிச் சூளை பிரிப்பதுவரை தாங்களே செய்து முடிக்கும் பாண்டங்கள் இவை. இங்கிலாந்தில் இந்த வழக்கம் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது கார்ன்வால் கரையோரத்து செயின்ட் ஐவ்ஸ். 1920இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியரான ஷோஜி ஹமாடாவும் அங்கே பட்டறை போட்டார்கள். பழைய பாண்டம் சேர்ப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் அந்த வட்டாரத்துப் பெயர்களில்தான். அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறை முத்திரையை ஆள் முத்திரையாக எடுத்துக்கொள்வது

எஸ், ஐ என்ற இரண்டு எழுத்தும் பின்னிக்கொண்டிருக்கும் சின்ன முத்திரை செயின்ட் ஐவ்ஸ் பட்டறையினுடையது. பாண்டம் அந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆனால் விற்பவர்களோ இதைப் பார்த்ததும் 'பெர்னார்ட் லீச்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். 1930களின் பிற்பகுதியிலிருந்து அங்கே சூப் கிண்ணம், குவளை, மூடிபோட்ட குழம்புச் சட்டி என்று விலைப்பட்டியல் போட்டு ஒரே மாதிரி வனைந்து விற்றார்கள். வனைந்தவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்தவர்களும் சம்பளத்துக்கு இருந்தவர்களும்தான். லீச் தன் சொந்தப் பாண்டங்களில் பட்டறை முத்திரையோடு பி.எல். என்ற தன் எழுத்துகளையும் போடுவார். அப்போதுகூட அவருடைய பிற்காலப் பாண்டங்கள் பலவற்றைச் சக்கரத்தில் ஏற்றியவர் பில் மார்ஷல். லீச் அவற்றைக் கடைந்தோ தீட்டியோ முடித்துக் கொடுத்தார்.

இதே கதை இங்கிலாந்தின் இன்னொரு பட்டறை ஊரான வின்ச்கோம்பிலும் உண்டு. 1926இல் மைக்கேல் கார்டியூ என்ற குயவர் அங்கே சூளை மூட்டினார். 1939இல் அவர் கிளம்பிப் போனபின் பட்டறையை நடத்தியவர் ரே ஃபின்ச். பட்டறையின் டபிள்யூ.பி. முத்திரை மட்டும் தொடர்ந்தது. அதைக் கண்டதும் 'கார்டியூ, 1930' என்று எழுதிவிட்டால், அது ஃபின்ச் காலத்தில் வனைந்த ஜாடியாகவும் இருக்கலாம். இங்கே காலத்தைச் சொல்லக்கூடியது மண். 1950களில்தான் ஃபின்ச் ஸ்டோன்வேரை, அதாவது அதிகச் சூட்டில் சுட்டுக் கல்போல இறுகும் பாண்டத்தைச் செய்துபார்க்க ஆரம்பித்தார், 1960களில் முழுவதும் அதற்கே மாறிவிட்டார். ஆகவே வின்ச்கோம்ப் முத்திரையுள்ள ஸ்டோன்வேர் பாண்டம் கார்டியூவின் வின்ச்கோம்ப் காலத்ததாக இருக்க வழியில்லை.

செயின்ட் ஐவ்ஸிலும் மண் உதவும். 1930களில் பெர்னார்டின் மகன் டேவிட் லீச், ஸ்டாஃபோர்ட்ஷயரில் செராமிக்ஸ் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, பட்டறையை எண்ணெய்ச் சூளைக்கும் ஸ்டோன்வேருக்கும் மாற்றினார். குறைந்த சூட்டில் சுட்ட, மண்குழம்பு பூசி அலங்கரித்த, மஞ்சளும் பழுப்புமான ஸ்லிப்வேர் ஒன்றில் அந்த முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முந்தியது.

எழுத்துகள் மட்டும் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஜே.எல். என்பது பெர்னார்டின் மனைவி ஜேனட் லீச்சுக்கும் பொருந்தும், பேரன் ஜான் லீச்சுக்கும் பொருந்தும். அந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத, மாலை வகுப்பில் பாட்டரி கற்ற யாரோ ஒருவருக்கும் பொருந்தும். 1960, 70களில் பிரிட்டனில் இப்படி மாலை வகுப்பில் பாட்டரி கற்றவர்கள் ஏராளம். அவர்கள் செய்ததெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, இன்று பழைய பொருள் கடைகளில்தான் இருக்கிறது.

செயின்ட் ஐவ்ஸிலேயே ட்ராய்கா என்று இன்னொரு பட்டறை 1963இல் தொடங்கியது. கோண வடிவங்களும் சொரசொரப்பான மேற்பரப்பும் கொண்ட ஜாடிகள். அவை அச்சில் வார்த்தவை. அடியில் பட்டறைப் பெயருக்குப் பக்கத்தில் தூரிகையால் எழுதிய எழுத்துகள் வண்ணம் தீட்டியவருடையவை. அவரைக் குயவர் என்று நினைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார். 1970இல் பட்டறை நியூலினுக்குப் போனதால், 'செயின்ட் ஐவ்ஸ்' என்ற ஊர்ப்பெயர் இருந்தால் பொதுவாக அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். சில சமயம் முத்திரை இவ்வளவு தெளிவாகப் பேசும். எப்போதும் பேசும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

அப்புறம் போலிகள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டோன் சிறையில், பாட்டரி வகுப்பில் உட்கார்ந்து கைதிகள் செய்த 'லீச்' பாண்டங்கள் ஏலம்வரை போயின. முத்திரை செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு துண்டு மண்ணில் எழுத்தைச் செதுக்கிச் சுட்டால் போதும். வனைவதுதான் கஷ்டம்.

முத்திரை இல்லை என்றால் மதிப்பு இல்லை என்று ஒதுக்குவது

ஹமாடா ஜப்பானுக்குத் திரும்பி மாஷிகோவில் குடியேறியபின் தன் பாண்டங்களில் முத்திரை போடுவதை விட்டுவிட்டார். பாண்டத்தை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில்தான் கையெழுத்துப் போடுவார். ஆக, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய குயவர்களில் ஒருவரின் சரக்கு, பெட்டி தொலைந்துவிட்டால் அனாதைதான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. நல்ல பெட்டிக்குள் வேறு பாண்டத்தை வைத்து விற்பார்கள். பெட்டி கிடைத்தால், பாண்டம் அதில் ஆடாமல் உட்காருகிறதா, மூடியில் எழுதியிருக்கும் பொருளின் வகையும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, முத்திரை இல்லாவிட்டால் எதைப் பார்ப்பது? அடியைத்தான், ஆனால் எழுத்தைத் தேடி இல்லை. ஜன்னலோரம் போய் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். சக்கரத்திலிருந்து பாண்டத்தைக் கம்பியால் அறுத்த தடம் அடியில் இருக்கிறதா? சக்கரம் சுற்றும்போதே அறுத்திருந்தால் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வளைந்த கோடுகள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். நிறுத்திவிட்டு அறுத்திருந்தால் கோடுகள் கிட்டத்தட்ட நேராக ஓடும். தடமே இல்லாமல் வழவழவென்று வளையம் கடைந்திருந்தால், அந்த வளையத்தின் உள்சரிவைப் பாருங்கள், வெளிவிளிம்பைப் பாருங்கள், நடுவில் சின்னக் குமிழ் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குயவர் ஆயிரக்கணக்கில் கடைந்து பழகிய அடிவளையம் அவருடைய கையெழுத்து மாதிரி. கிளேஸை, அதாவது மேலே பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சை, யாரும் பார்த்துச் செய்துவிடலாம். அடிவளையம் அவ்வளவு லேசில் வராது.

கிளேஸ் படாத இடத்தில் மண்ணின் நிறம் என்ன, மணல் கலந்திருக்கிறதா, இரும்புப் புள்ளி எழும்பியிருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்து விரல்வரிகள் எந்தத் திசையில் சுழன்று ஏறுகின்றன என்பதும் ஒரு தடயம். ஜப்பானியச் சக்கரங்கள் பெரும்பாலும் கடிகாரத் திசையிலும், இங்கிலாந்தில் எதிர்த் திசையிலும் சுழலும். இதை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்துவிட வேண்டாம். இடக்கைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

லூசி ரீ விஷயத்தில் இந்தப் பழக்கம் ரொம்பவே கைகொடுக்கும். 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த குயவர் அவர். மெல்லிய சுவர், சின்ன அடி, அகன்று விரியும் வாய். மின்சூளையில், கிளேஸை இன்னும் சுடாத பச்சை மண்ணிலேயே பூசி ஒரே சூட்டில் முடிப்பது அவர் வழக்கம். எல்.ஆர். முத்திரை போட்ட ஒரு கனத்த, தடித்த அடியுள்ள கிண்ணத்தை யாராவது நீட்டினால், முத்திரையைப் பார்க்கும் முன் கையில் தூக்கிப் பாருங்கள். அந்த எடையே பாதி சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

கிளேஸில் விரிசல் இருந்தால் பழசு என்பது

மண்ணும் கிளேஸும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கினால் கிளேஸில் வலைபோல விரிசல் விழும். இது சூளையைப் பிரித்த அன்றைக்கே நடக்கலாம். விரிசலில் பழுப்பு ஏறியிருப்பதும் வயதுக்குச் சாட்சி ஆகாது, திக்கான டீயில் ஊறவைத்தாலே ஏறிவிடும். அதைவிட அடிவளையத்தின் தேய்மானத்தைப் பார்ப்பது மேல். பல வருஷம் மேசையிலும் அலமாரியிலும் இழுபட்டது என்றால் கீறல்கள் மெல்லியதாகப் பல திசையில் ஓடும், எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. உப்புத்தாளால் தேய்த்திருந்தால் ஒரே திசையில், பள்ளமான இடங்களிலும் கோடு விழுந்திருக்கும்.

'லேபில் கொடுத்துத் தேதி பார்த்துவிடலாமே' என்பவர்களுக்கு: சுட்ட மண்ணின் வயதைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனையின் பிழை வரம்பு பெரியது. பல நூற்றாண்டுப் பழசா, அண்மையில் செய்ததா என்று பிரிக்க அது உதவும். 1955ஆ 1975ஆ என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. போதாததற்கு அடியில் துளை போட்டு மாதிரி எடுப்பார்கள்.

இன்னொன்று, வாங்கிய கையோடு தேய்த்துக் கழுவுவது. மங்கிய விலைச்சீட்டு, கண்காட்சி எண், பென்சிலில் எழுதிய ஒரு சொல், எல்லாமே தடயங்கள். முதலில் படம் எடுங்கள். கிளேஸ் நிரம்பி மறைந்துபோன முத்திரையைக்கூட டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடலாம். ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

நம்ம பக்கத்தில்

புதுச்சேரியில் பழைய சாமான் விற்பவர்கள் சிலர், பச்சையோ பழுப்போ கிளேஸ் போட்ட ஸ்டோன்வேர் குவளையைக் காட்டி 'பிரெஞ்சுக்காரர் காலத்துச் சரக்கு' என்பார்கள். நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனது 1954இல். அங்கே இந்த வகை ஸ்டூடியோ ஸ்டோன்வேர் வேர்பிடித்ததோ, 1971இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு. சவுக்கு விறகு போட்டு எரித்த சூளை. அங்கே கற்றவர்கள் பிறகு புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் வேறு ஊர்களிலும் தனித்தனியாகப் பட்டறை வைத்தார்கள். அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒருவர் நூறு வருஷம் கூட்டிச் சொல்வார். இன்னொருவர் அந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் கோல்டன் பிரிட்ஜ் என்பார். ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி கிளேஸ், பலருடைய கைகள். இங்கே உள்ள வசதி என்னவென்றால், வனைந்தவர்களில் பலர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிடலாம்.

கேட்கப்போகும்போது, அல்லது ஏல நிறுவனத்துக்கு அனுப்பும்போது, முழு உருவம், உள்பக்கம், அடி, முத்திரையின் நெருக்கப் படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், எடை இவ்வளவும் வேண்டும். உங்கள் ஊகத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். 'இது ஹமாடாவா?' என்று கேட்டால் எதிராளியும் ஹமாடாவைத் தேடித்தான் பார்ப்பார். பதில் கிடைக்காவிட்டால் சீட்டில் 'இங்கிலாந்து, லீச் வழி, ஸ்டோன்வேர், 1960–75, குயவர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால், அடுத்து கையில் எடுப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.