ஏற்காடு ஏரில போட் ஓட்டுன தைரியத்துல பிச்சாவரம் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

சேலத்துல இருந்து பிச்சாவரம் போய் கயாக், அதான் துடுப்பு போட்டு ஓட்டுற ஒல்லியான சின்ன படகு, ஓட்டணும்னு கெளம்புறவங்க பண்ற முதல் தப்பு வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சிருது. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம்னு சுத்தி சிதம்பரம் போறதுக்கு 200 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், காலைல டிபன முடிச்சிட்டு வண்டிய எடுத்தா தண்ணில எறங்கும்போது உச்சி வெயில், போதாக்குறைக்கு கடல்காத்து வேற எழும்பிருக்கும். முந்தின ராத்திரியே போய் சிதம்பரத்துல தங்கிருங்க, காலைல படகுத்துறை தெறந்ததும் எறங்குங்க, அந்த நேரத்துல காத்து கம்மியா இருக்கும்.

அடுத்த தப்புதான் பெருசு. நம்ம ஊர்க்காரங்களுக்கு கை பழகினது ஏற்காடு ஏரில, அங்க தண்ணி நின்ன எடத்துலயே நிக்கும், போக எவ்ளோ நேரமோ திரும்ப அவ்ளோ நேரம். பிச்சாவரம் அப்படி இல்லைங்க. வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற, அலையாத்திக் காடு நெறஞ்ச காயல் அது, கடல் ஏறுனா தண்ணி உள்ள வரும், வத்துனா வெளிய ஓடும், 6 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சுன்னா திசை மாறிரும், அந்த நேரமும் தினமும் 50 நிமிஷம் போல தள்ளிக்கிட்டே போகும். ஏத்த எறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனா அவ்ளோ தண்ணியும் குறுகலான கால்வாய் வழியா ஓடும்போது இழுப்பு தெரியும், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி போனா இன்னும் ஜாஸ்தி. அதனால ஏத்தம் எப்போ, வத்தம் எப்போன்னு படகுத்துறைல கேக்காம துடுப்ப கையில வாங்காதீங்க.

நாங்க கேக்கல. நாலு பேர், ரெண்டு டபுள் கயாக், வத்துற தண்ணில கடல் பக்கமா போனோம், சும்மா வழுக்கிக்கிட்டு போச்சு, கை நல்லா வந்துருச்சுன்னே நெனச்சோம். திரும்புனப்பதான் தெரிஞ்சது, எவ்ளோ துழாவுனாலும் அதே மரம் பக்கத்துலயே நிக்குது. அங்க இடுப்பளவு தண்ணில ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் கையாலயே தடவித் தடவி எறா புடிச்சிட்டு இருந்தாங்க, புடிச்சத போடுற பறிக்கூடைய வாயில கடிச்சிக்கிட்டு. அவர் பறிய எடுத்துட்டு சொன்னார், "தம்பி, நடுவுல போவாதீங்க, மரத்த ஒட்டியே போங்க, அங்க இழுப்பு கம்மி. முடியலன்னா செத்த நேரம் கட்டிப்போட்டு ஒக்காருங்க, தண்ணி தானா நின்னுரும்."

உக்காந்தோம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு அந்த ட்ரிப்போட நெஞ்சுல நிக்கிற பகுதி. வேலை முடிஞ்சு அவங்களும் கரையேறினாங்க, கொண்டு போன சேலத்து தட்டுவடைய எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டோம். எங்கள்ல ஒருத்தன் ஆத்தூர்னதும் பெரியவர் சிரிச்சார், "ஒங்கூருல மழ பேஞ்சா எங்களுக்கு வெள்ளாறு செவந்து வரும்." உண்மைதான், ஆத்தூர் வழியா ஓடுற வசிஷ்ட நதி சுவேத நதியோட சேந்துதான் வெள்ளாறாகி பரங்கிப்பேட்டைல கடல்ல கலக்குது. ஆத்துல வருஷத்துல பாதி நாள் மணலத்தான் பாத்திருக்கோம், அது இங்க வந்து சேருதுன்னு எங்க யாருக்கும் தோணினதே இல்ல.

இப்படி அங்க மீன் புடிக்கிறவங்ககிட்ட நாம பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, கண்டதும் ஃபோன தூக்கி படம் எடுக்குறது. அவங்க வேலைல இருக்காங்க, நமக்குத்தான் அது லீவு நாள். முதல்ல வணக்கம் சொல்லுங்க, கேட்டுட்டு எடுங்க, வேணாம்னா விட்டுருங்க. வரிசையா மிதவை தெரிஞ்சா வலை போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது மேல ஏத்தாம சுத்திப் போங்க, ஒரு வலை கிழிஞ்சா ஒரு வீட்டோட அன்னிக்கு வருமானம் போச்சு. ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டவே வேண்டாம்.

கிளைய கையால ஒதுக்காதீங்க, அங்க தில்லை மரம் இருக்கு, சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே அதனாலதான். அதோட பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது, கொஞ்ச நேரம் பார்வையே மங்கிரும். வேர புடிச்சு இழுத்துப் போகலாம்னும் நெனைக்காதீங்க, ஒட்டியிருக்குற சிப்பி கைய கிழிச்சிரும். ஜீன்ஸ் நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். டபுள் கயாக்ல வெயிட்டான ஆள் பின்னாடி உக்காரணும். கவுந்துட்டா கரைக்கு நீந்தப் பாக்காதீங்க, படக புடிச்சிக்கிட்டே இருங்க, அது மிதக்கும். லைஃப் ஜாக்கெட்ட புழுக்கமா இருக்குன்னு கழட்டி மடில வச்சிருக்குற ஆளுங்கள பாத்தா எனக்கு பதறுது, எல்லா பக்கிளும் போட்டு இறுக்குங்க, தோள்ல புடிச்சு தூக்குனா காது வரைக்கும் ஏறக் கூடாது.

எப்போ கெளம்பறதுன்னு பெரியவர்தான் காட்டுனார். தண்ணில ஒரு இலைய போட்டார், அது மெதுவா கடல் பக்கம் போச்சு. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு, அது போட்ட எடத்துலயே நின்னுச்சு. "இப்ப போங்க"ன்னார். மரத்த ஒட்டியே வந்தோம், அரை மணி நேரத்துல படகுத்துறை.