"நெட்வொர்க் நிரம்பிவிட்டது" என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்தால்: அமெரிக்க மாநிலச் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது

காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவ சேவையாளர்களின் பட்டியல்தான் நெட்வொர்க். அதில் சேரக் கேட்டால் ‘நிரம்பிவிட்டது’ என்று வரும் பதில், அமெரிக்காவில் கிளினிக்கோ மருந்துக்கடையோ நடத்துபவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சில மாநிலங்களில் அது சட்டப்படி செல்லாது. ‘எனி வில்லிங் புரொவைடர்’ எனப்படும் சட்டங்களின்படி, காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனைகளை ஏற்க முன்வரும் தகுதியுள்ளவரை அது ஒதுக்க முடியாது.

முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தின் மூல வாசகத்தைப் படியுங்கள். கென்டக்கி, ஐடஹோ, ஆர்கன்சா மாநிலச் சட்டங்கள் பல வகை மருத்துவ சேவையாளர்களுக்கும் பொருந்தும். தெற்கு டகோட்டாவில் 2014 நவம்பரில் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து இதைக் கொண்டுவந்தார்கள். வேறு பல மாநிலங்களிலோ மருந்துக்கடைகளுக்கு மட்டும்தான் இந்த உரிமை. அங்கே பல் மருத்துவர் இதைக் காட்டி வாதாடுவது வீண். எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள்: கென்டக்கி சட்டம், காப்பீட்டுத் திட்டம் செயல்படும் பகுதிக்குள் இருப்பவர்களுக்கே பொருந்தும்.

அடுத்ததில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்: நோயாளியின் செலவை யார் ஏற்கிறார்கள்? காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்கி ஏற்றால் மாநிலச் சட்டம் பொருந்தும். கென்டக்கி சட்டத்தை 2003-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதிசெய்தது இந்த அடிப்படையில்தான். முதலாளியே தன் பணத்தில் செலவை ஏற்று, காப்பீட்டு நிறுவனத்தை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்திருந்தால், எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் மாநிலச் சட்டத்தைத் தடுத்துவிடும். பெரிய நிறுவனங்களின் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதைக் கண்டுபிடிக்க நோயாளியின் அட்டையைப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் ‘நிர்வகிக்கிறது’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். டெக்சாஸில் மாநிலக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட திட்டங்களின் அட்டையில் ‘டிடிஐ’ அல்லது ‘டிஓஐ’ (மாநிலக் காப்பீட்டுத் துறையைக் குறிக்கும் எழுத்துகள்) என்று அச்சிட்டிருக்கும். அட்டையில் தெளிவில்லையென்றால் முதலாளியின் மனிதவளப் பிரிவைக் கேட்பதே சுருக்க வழி.

முதியோருக்கான கூட்டாட்சிக் காப்பீடான மெடிகேரின் ‘பார்ட் டி’ மருந்துத் திட்டங்களுக்கு மாநிலச் சட்டத்தைத் தேட வேண்டாம்; நியாயமான பொது நிபந்தனைகளை ஏற்கும் எந்த மருந்துக்கடைக்கும் இடம் தரக் கூட்டாட்சி விதியே சொல்கிறது. ஆனால் ‘முன்னுரிமை’ மருந்துக்கடையாக (நோயாளிக்குச் செலவு குறைவாக வரும் கடை) சேர்க்க அது கட்டாயப்படுத்தாது.

விண்ணப்பத்துக்கு முன் உரிமம், என்பிஐ எனப்படும் 10 இலக்கச் சேவையாளர் அடையாள எண், தொழில்பிழைக் காப்பீட்டுச் சான்று, வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம் ஆகியவற்றில் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ‘சூட்’ எண் (கட்டடத்தில் உங்கள் அறை எண்) விடுபட்டாலே கோப்பு நின்றுவிடக்கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் சேவையாளரின் தகுதிகளைச் சரிபார்க்கும் இணையத் தளமான சிஏக்யூஎச்-இல் உள்ள உங்கள் சுயவிவரத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் 120 நாளுக்கு ஒருமுறை மறுஉறுதி செய்ய வேண்டும். அது காலாவதியானால், மறுப்புக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

பிறகு எழுத்தில் கேளுங்கள். ‘உங்கள் நிபந்தனைகளையும் கட்டண அட்டவணையையும் அனுப்புங்கள், அவற்றை ஏற்கத் தயார்’ என்று சட்டப்பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு, பெற்றதற்கு ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசி மறுப்புக்கு மதிப்பில்லை. எழுத்து வடிவில் வாங்குங்கள். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் கூடுதல் கட்டணம் கேட்கவே கேட்காதீர்கள். அவர்கள் நிபந்தனையை ஏற்பவருக்குத்தான் சட்டம் துணை. பேரம் பேசினால் ‘இவர் ஏற்கவில்லை’ என்று எளிதாகத் தப்பிப்பார்கள். கட்டணம் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் இந்த வழியே உங்களுக்கு வேண்டாம்.

எழுத்தில் மறுப்பு வந்தால் மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள்: விண்ணப்பம், உங்கள் கடிதம், மறுப்பு, செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கும் திட்டம் என்பதற்கான ஆதாரம், எல்லாம் தேதி வரிசையில். ஒபாமாகேர் எனப்படும் கூட்டாட்சி மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த 2706-ஆம் பிரிவை இதில் சேர்க்காதீர்கள். உரிம வகையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அந்தப் பிரிவே, எல்லோரையும் சேர்க்க வேண்டியதில்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. எதிர்த்தரப்பு அதையே உங்களிடம் படித்துக் காட்டும். நேரடியாக வழக்குப் போடலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். அதற்கு வழக்கறிஞர் தேவை.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அமலாகும் தேதியைப் பாருங்கள். அது பெரும்பாலும் கையெழுத்திட்ட நாளாக இருக்காது. அதற்கு முன் பார்த்த நோயாளிகளின் பில்கள் நெட்வொர்க்குக்கு வெளியே என்றே கணக்காகும். பின்தேதியிட்டுத் தருவது அரிது.