சோயா சாஸுக்குப் பதில் கோகனட் அமினோஸ்: எங்கே தவறு செய்கிறோம்?

புதுச்சேரி வீடுகளுக்குச் சோயா சாஸ் புதிதல்ல. வியட்நாமின் சைகோன் நகரிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் அடுப்படியில் அது ரொம்ப காலமாகப் புழங்கிய பொருள். இப்போது அதன் இடத்துக்குக் கோகனட் அமினோஸ் வந்திருக்கிறது. பிரஷர் இருப்பவர்கள், சுகர் இருப்பவர்கள், பிள்ளைக்குக் கோதுமையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாத அம்மாக்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். மூன்று தரப்புக்கும் அதனால் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. அது புரியாமல் காசு கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரைப் புளிக்க வைத்து, உப்பு சேர்த்துப் பக்குவப்படுத்தியது. தேங்காய்ப் பருப்பும் தேங்காய்ப் பாலும் இதில் கிடையாது. அதனால் தேங்காய் எண்ணெய்க்குச் சொல்லப்படும் குணங்களை இதில் தேட வேண்டாம். பாளையில் வடிவது தானே என்று, கடலூரிலிருந்து எல்லை தாண்டி வந்தால் கிடைக்கும் கள்ளோடு சேர்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. ஸ்பூன் கணக்கில் சேர்க்கிற சாஸ் இது, போதை பற்றிய கவலை வேண்டாம்.

பெரிய தவறு உப்புக் கணக்கில்தான் நடக்கிறது. சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில், அதாவது 15 மில்லியில், ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகப் பார்த்தால் 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கோகனட் அமினோஸில் சோடியம் குறைவு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறைவு என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். சிலவற்றில் டேபிள்ஸ்பூனுக்கு 270 மில்லிகிராம்தான். வேறு சிலவற்றில் 500-ஐத் தாண்டிவிடும்.

லேபிளைப் பார்க்கும்போதே கண் ஏமாறுகிறது. வெளிநாட்டுப் பாட்டிலில் ‘90 மில்லிகிராம்’ என்று போட்டிருக்கும், அது 5 மில்லிக்கு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கு. பக்கத்தில் இருக்கும் சோயா சாஸில் 15 மில்லிக்கான கணக்கு இருக்கும். நம்மூர்த் தயாரிப்பில் 100 மில்லிக்குப் போட்டிருப்பார்கள். 90-ஐயும் 900-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அமினோஸில் பத்தில் ஒரு பங்கு உப்புதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். 100 மில்லிக்கு 1,800 என்றிருந்தால் அதுவும் டேபிள்ஸ்பூனுக்கு 270-தான். எல்லாவற்றையும் 15 மில்லிக்கு மாற்றிப் பார்த்த பிறகே பாட்டிலைக் கையில் எடுங்கள்.

நாலு பேருக்கு ஃபிரைடு ரைஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் சோயா சாஸ் என்றால் 2,700 மில்லிகிராம் சோடியம். உப்பு கூடுதலான வகை அமினோஸை அதே அளவு ஊற்றினால் 1,500. நாக்கில் வைத்துப் பார்க்கிறோம், சப்பென்று இருக்கிறது. இன்னும் அரை டீஸ்பூன் உப்பைத் தூவுகிறோம், அதில் சுமார் 1,150. மொத்தம் 2,650! கூடுதல் விலை கொடுத்து வாங்கி மிச்சமானது 50 மில்லிகிராம். சப்பென்று இருந்தால் எலுமிச்சைச் சாறு, வினிகர், மிளகு, வெங்காயத்தாள், வதக்கிய காளான் என்று போய்ப் பாருங்கள். புளிப்பும் காரமும் ஏறினால் நாக்கு உப்பைத் தேடுவது குறையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரம் ஒரு நாள் நூடுல்ஸில் சாஸை மாற்றிவிட்டு, தினமும் ஊறுகாய், அப்பளம், நெத்திலிக் கருவாடு என்று சாப்பிட்டால் பிரஷர் மாத்திரைக்கு உதவி செய்ததாக ஆகாது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுவதும், அந்தக் குழம்பில் உப்புப் போடாமல் இருப்பதும் காசில்லாத வைத்தியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ‘லோ சோடியம்’ என்று எழுதிய சோயா சாஸ் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

சுகர் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இனிப்பு. சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் சர்க்கரை ஒரு கிராம்கூட வராது. அமினோஸில் 3 முதல் 6 கிராம் வரை இருக்கும். பதநீரில் இருப்பது பெரும்பாலும் நாம் டீயில் போடும் அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சொல்லும் ‘கிளைசெமிக் எண் 35’ என்று காட்டுவார்கள். அது தென்னஞ்சர்க்கரைக்குச் சொல்லப்பட்ட எண், வேறொரு அளவீட்டில் அதற்கே 54 வந்தது. நாலு பேர் சாப்பாட்டில் கலந்துவிட்டால் தலைக்குச் சில கிராம்தான், அங்கே கவலைப்பட வேண்டியது தட்டில் இருக்கும் சாதத்தைப் பற்றி. கிண்ணத்தில் ஊற்றி வைத்து, சாயோ என்கிற வியட்நாம் ரோலையோ மோமோவையோ முக்கி முக்கிச் சாப்பிடும்போதுதான் அளவு தெரியாமல் உள்ளே போய்விடுகிறது.

‘17 அமினோ அமிலங்கள்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பிள்ளைக்குப் புரதம் என்று ஊற்றாதீர்கள். ஒரு ஸ்பூனில் கிடைக்கும் புரதம் இல்லை என்றே சொல்லலாம். சோயா சாஸிலாவது டேபிள்ஸ்பூனுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு கிண்ணம் சுண்டலில் அதற்கும் மேலே.

இந்தப் பாட்டில் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் சோயா அலர்ஜி உள்ளவர்களும், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோயாளிகளும்தான். பாரம்பரியமாகச் செய்யும் சோயா சாஸில் கோதுமையும் சேர்ந்தே புளிக்கிறது. ஆனால் அமினோஸை வாங்கி மைதா நூடுல்ஸில் ஊற்றினால் என்ன பிரயோஜனம்? சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ‘லிக்விட் அமினோஸ்’ என்று பக்கத்திலேயே விற்கும் பாட்டில் வேறு பொருள். அது சோயாப் புரதத்திலிருந்தே வருவது. சோயா ஆகாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் ஆபத்து. ஓட்டலில் ‘சோயா சாஸ் போடாதீங்க’ என்று மட்டும் சொன்னால் போதாது, அதே வாணலியில் முந்தின ஆர்டர் வெந்திருக்கும்.

சமைக்கும்போது, இனிப்பு இருப்பதால் பெருந்தீயில் சீக்கிரம் தீய்ந்து கசக்கும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஊற்றிப் புரட்டினால் போதும். சோயா சாஸ் அளவுக்கு உப்பு இல்லாததால் திறந்த பாட்டில் நம்ம கடலோர வெக்கையில் அலமாரியில் நிற்காது, ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியோரம் பூஞ்சை தெரிந்தால் துடைத்துவிட்டு ஊற்றப் பார்க்காதீர்கள், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள்.