பிரம்புக் கூடை: தவறு தொடங்குவது வாளியிலும் அடிப்பாகத்திலும்

பினாங்கில் வீட்டிலேயே பிரம்புக் கூடை முடைய ஆசைப்படுபவர்கள், சுவர் கோணலான பிறகுதான் தவறைத் தேடுகிறார்கள். அதற்கு வெகு முன்பே காரியம் கெட்டிருக்கும்.

கடையில் வெறுமனே ரோத்தான் (மலாயில் பிரம்பு) என்று கேட்காதீர்கள். ரோத்தான் மானாவ் தடித்தது, நாற்காலிச் சட்டத்துக்கு உரியது. புதிதாக முடைபவருக்குத் தோல் நீக்கி இழைத்த மெல்லிய உள்தண்டுதான் தோது. நிற்கும் குச்சிக்கு 3 மில்லிமீட்டர், சுற்றி ஓடும் பிரம்புக்கு 2 மில்லிமீட்டர் எடுங்கள். இரண்டும் ஒரே தடிமன் என்றால், இழுக்கிற பக்கமெல்லாம் குச்சி சாயும்.

ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போடுவது வேண்டாத வேலை. 2 மில்லிமீட்டர் பிரம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போதும். விரலில் சுற்றிப் பாருங்கள், வெடிக்காமல் வளைந்தால் எடுத்துவிடலாம். அதிகம் ஊறினால் நார் நாராகப் பிரிந்து நிறமும் மங்கிவிடும். மிச்சத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கரும்பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. நிழலில், காற்றாடக் காயவையுங்கள்.

அடிப்பாகத்தில்தான் பொறுமை வேண்டும். நான்கு குச்சிகளை நடுவில் கீறி, இன்னும் நான்கை அதற்குள் நுழைத்தால் 16 முனைகள் கிடைக்கும். ஒற்றைப் பிரம்பை மேலும் கீழுமாக ஓட்டுவதானால் இந்த இரட்டைப்படை ஆகாது: இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் தடத்திலேயே விழும், பின்னல் பிடிக்காது. ஒரு குச்சி சேர்த்து 17 ஆக்குங்கள், அல்லது இரண்டு பிரம்பை முறுக்கி ஓட்டுங்கள். குச்சிகளைச் சம இடைவெளியில் விரித்து, நடுப்பகுதி கூடையின் உள்பக்கமாக லேசாக எழும்பும்படி பிடியுங்கள். தட்டையாக விட்டால் நடு கீழே புடைத்துக் கூடை ஆடும்.

சுவர் எழும்பும்போது பிரம்பைச் சுண்டி இழுக்காதீர்கள், வாய் குறுகிவிடும். இடது கை குச்சியை நிலையாகப் பிடித்திருக்க, வலது கை பிரம்பை அதன்மேல் வளைத்து விரலால் கீழே அழுத்த வேண்டும். நெருக்கம் வருவது அழுத்தத்தால்தான். ஒட்டுகளை ஒரே குச்சியில் சேர்க்காமல் தள்ளித் தள்ளி, குச்சிக்குப் பின்னால் முடியுங்கள்.

விளிம்பு மடிக்க ஒரு சாண் மிச்சம் விட்டு, மடிக்குமுன் குச்சிகளை மறுபடி நனையுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேங்காய், பழம் கொண்டுபோகும் கூடையாக இருந்தால் கைப்பிடியை விளிம்போடு நிறுத்தக் கூடாது. அதன் இரு முனைகளையும் சுவர்ப் பின்னலுக்குள் அடிவரை இறக்கிவிடுங்கள்.