எஸ்எஸ்எச்சில் பேக்ஸ்பேஸ் மக்கர் செய்கிறதா? முதலில் விசை எதை அனுப்புகிறது என்று பாருங்கள்

எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி) வழியாக சர்வருக்குள் போனதும் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்து அழியாமல் ^எச் ^எச் என்று வரிசையாக விழுகிறது, டெலீட் அழுத்தினால் ஒரு ~ மட்டும் வந்து நிற்கிறது. இதைவிட எரிச்சலூட்டும் வகை ஒன்று உண்டு: கட்டளை அடிக்கும் ப்ராம்ப்டில் எல்லாம் ஒழுங்காக அழியும், ஆனால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு கட்டளையை ஓட்டுவது) பாஸ்வேர்டு கேட்கும்போது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து அழித்துத் திருத்தினால் பாஸ்வேர்டே தவறு என்று சொல்லிவிடும். எங்கிருந்தோ கிடைத்த நாலு வரியை பாஷ்ஆர்சி கோப்பில் (கட்டளைகளை வாங்கும் ஷெல்லான பாஷின் அமைப்புக் கோப்பு) ஒட்டி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவை வேறு யாருடைய டெர்மினலுக்கோ எழுதப்பட்டவை, இன்று ஒன்றைச் சரிசெய்து நாளை டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்திருக்கும் நிரல்) இன்னொன்றைக் கெடுக்கும்.

உங்கள் கீபோர்டு சர்வருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் அழுத்தும் விசையை உங்கள் பக்கத்து டெர்மினல் நிரல் சில பைட்டுகளாக மாற்றி அனுப்புகிறது, சர்வர் அந்த பைட்டுகளை மட்டும்தான் பார்க்கிறது. அனுப்புவது ஒன்று, எதிர்பார்ப்பது வேறொன்று என்றால் சிக்கல். அதனால் முதல் வேலை, என்ன போகிறது என்று பார்ப்பது. பாஷ் ப்ராம்ப்டில் கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு உடனே சந்தேகப்படும் விசையை அழுத்துங்கள். பேக்ஸ்பேஸுக்கு ^? வந்தால் 127 என்ற எண்ணுள்ள பைட் போகிறது, ^எச் வந்தால் 8 போகிறது. டெலீட் பெரும்பாலும் ^[[3~ என்று காட்டும், ஹோம் விசை டெர்மினலைப் பொறுத்து ^[[எச் என்றோ ^[[1~ என்றோ வரும்.

அடுத்து, டெர்மினல் அமைப்புகளைக் காட்டி மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையை -ஏ என்ற ஆப்ஷனோடு ஓட்டி, அதில் எரேஸ் (அழிக்கும் விசை) என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பார்த்ததும் இதுவும் ஒன்றாக இல்லையென்றால் கோளாறு பிடிபட்டுவிட்டது. பாஷ் 8, 127 இரண்டையுமே அழிக்கும் விசையாக ஏற்றுக்கொள்வதால்தான் ப்ராம்ப்டில் பிரச்சினை வெளியே தெரிவதில்லை. சூடோ பாஸ்வேர்டு வாங்கும்போது அழிக்கும் வேலையைச் செய்வது கெர்னலில் டெர்மினலைக் கவனிக்கும் டிடிஒய் பகுதி, அதற்கு எரேஸில் குறித்த ஒரே ஒரு பைட்தான் தெரியும், மற்றது பாஸ்வேர்டின் ஓர் எழுத்தாகவே உள்ளே போய்விடும். தற்காலிகமாக வேலை நடக்க, எஸ்டிடிஒய் எரேஸ் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, மேற்கோளுக்குள் ^? அல்லது ^எச், கண்ட்ரோல்-வி சோதனையில் எது வந்ததோ அதைக் கொடுங்கள்.

நிரந்தரத் தீர்வை உங்கள் பக்கத்தில் செய்வதுதான் சரி, இல்லையென்றால் போகிற ஒவ்வொரு சர்வரிலும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டும். இன்றைய லினக்ஸ் உலகம் 127-ஐத்தான் எதிர்பார்க்கிறது. விண்டோஸில் பயன்படும் புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலில் டெர்மினல், கீபோர்டு என்று போனால் பேக்ஸ்பேஸுக்கு இரண்டு தேர்வுகள் இருக்கும், 127 என்று போட்டிருப்பதை வையுங்கள். மேக்கின் டெர்மினலில் ப்ரொஃபைல் அமைப்பில், அட்வான்ஸ்டு பகுதியில், டெலீட் விசை கண்ட்ரோல்-எச் அனுப்பட்டும் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

பேக்ஸ்பேஸ் சரி, அம்புக்குறியும் ஹோமும் எண்டும்தான் தகராறு என்றால் டெர்ம் என்ற மாறியைப் பாருங்கள். எஸ்எஸ்எச் உங்கள் டெர்மினலின் பெயரை அந்தப் பக்கம் சொல்கிறது, அந்தப் பெயர் டெர்ம் மாறியில் இருக்கும்; சர்வர் அதை டெர்மின்ஃபோ தரவில் (எந்த டெர்மினலுக்கு எந்த பைட்டுகள் என்ற பட்டியல்) தேடுகிறது. கிட்டி போன்ற டெர்மினல்கள் எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லும், பழைய சர்வரில் அந்தப் பெயரே இருக்காது. உங்கள் கணினியில் இன்ஃபோகம்ப் -எக்ஸ் (டெர்மின்ஃபோ பதிவை எழுத்தாகக் காட்டும் கட்டளை) தரும் வெளியீட்டை எஸ்எஸ்எச் வழியாக அந்தப் பக்கத்து டிக் கட்டளைக்கு (அதைப் பதிவு செய்வது) பைப் செய்தால் போதும், டிக்குக்கு -எக்ஸ் ஆப்ஷனும், உள்ளீட்டைப் பைப்பிலிருந்து எடுக்கச் சொல்லும் ஒற்றை - குறியும் கொடுங்கள். ரூட் அனுமதி தேவையில்லை, உங்கள் ஹோம் டைரக்டரியிலேயே பதிந்துகொள்ளும். அதுவும் முடியாத இடத்தில் உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் செட்என்வ் வரியில் டெர்முக்கு எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கொடுக்கலாம், ஓபன்எஸ்எஸ்எச் 8.7 முதல் இது வேலை செய்யும். ஆனால் பாஷ்ஆர்சியில் டெர்மை அடித்து எழுதவே எழுதாதீர்கள். டிமக்ஸுக்குள் அந்த மாறி ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் என்று தொடங்கும் பெயராகத்தான் இருக்க வேண்டும், மாற்றினால் விம் எடிட்டர் முதல் எல்லாம் குழம்பும்.

இவ்வளவுக்கும் பிறகு டெலீட் மட்டும் ~ போடுகிறதென்றால், எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்று பாஷ் படிக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் ஒரு வரி: மேற்கோளுக்குள் பின்சாய்வு, சிறிய இ, பிறகு [3~, மேற்கோளை மூடி, ஒரு கோலன், டெலீட்-சார். சேமித்துவிட்டு கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஆர் அடித்தால் வெளியேறாமலேயே அமலுக்கு வரும். இசட்எஸ்எச் என்ற ஷெல் இந்தக் கோப்பைப் படிக்காது, அங்கே பைண்ட்கீ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அதாவது ‘கி’ என்பது 6 பைட். எஸ்டிடிஒய் பட்டியலில் ஐயூடிஎஃப்8 என்பதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தால் (அது அணைந்திருக்கிறது என்று பொருள்), கேட் கட்டளைக்கு உள்ளீடு அடிப்பது போன்ற இடங்களில் ஒரு பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு பைட்டை மட்டும் வெட்டி எழுத்தைச் சிதைத்துவிடும். எஸ்டிடிஒய் ஐயூடிஎஃப்8 என்று கொடுத்தால் சரியாகும்.

அப்புறம், திரை அப்படியே உறைந்து எந்த விசையும் எடுக்கவில்லை என்றால் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் ஒரு முறை கண்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள். திரையை நிறுத்திவைக்கும் கண்ட்ரோல்-எஸ் கை தவறிப் பட்டிருக்கும். எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.